டிரான்ஸ்மிஷன் ஆயில் ரிப்போர்ட் சிவப்பாக வந்தால்: சாம்பிள் பிழையா, கியர்பாக்ஸ் பழுதா?

கல் குவாரியில் ஓடும் வீல் லோடரின் டிரான்ஸ்மிஷன் ஆயிலை லேபுக்கு அனுப்புகிறோம். சில நாளில் ரிப்போர்ட் வருகிறது, சிலிக்கானுக்கு நேராகச் சிவப்பு அடித்திருக்கிறது. உடனே கியர்பாக்ஸை இறக்கலாமா, ஆயிலை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா, ஆயில் விற்றவரைப் பிடிக்கலாமா என்று பேச்சு கிளம்பிவிடும். அந்த ஆயிலைப் பாட்டிலில் பிடித்தது யார், எந்த இடத்திலிருந்து, எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பவர் ஷிஃப்ட் கியர்பாக்ஸை (ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் பிடித்துக் கியர் மாறும் வகை) பிரித்தால் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள். முறையாக இன்னொரு சாம்பிள் எடுத்து அனுப்ப ஒரு பாட்டிலும் ஒரு முழம் டியூபும்தான் செலவு. எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன் சரியான முறை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது தெரியாமல் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

சரியாக எடுத்த சாம்பிள்

வண்டி அரை மணி நேரமாவது லோடில் ஓடி, ஆயில் வேலைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை நிறுத்துங்கள். நிறுத்திய கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். நேரம் ஆக ஆகக் கனமான துகள்கள் அடியில் மண்டியாக இறங்கிவிடும். ஆயில் 80, 90 டிகிரியில் இருக்கும், கையுறை இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

கை பம்ப் வைத்து டிப்ஸ்டிக் குழாய் வழியாக எடுப்பதுதான் நம்மிடம் அதிகம். ஒவ்வொரு சாம்பிளுக்கும் புது டியூப். டிப்ஸ்டிக்கை டியூபோடு சேர்த்துப் பிடித்து அளந்து, நுனி ஆயில் ஆழத்தின் நடுவில் நிற்கிற மாதிரி ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நுனியைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். டிப்ஸ்டிக் குழாயின் வாயைச் சுற்றித் துடைத்த பிறகே டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். பாட்டில் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் திறக்க வேண்டும். பெரும்பாலான லேப் பாட்டில்கள் 100 முதல் 120 மி.லி. பிடிக்கும். முக்கால் பங்கு நிரப்பினால் போதும், லேபில் குலுக்கிக் கலக்குவதற்கு இடம் வேண்டும். இன்ஜின் ஓடும்போது டிப்ஸ்டிக் குழாயில் டியூபை விடவே கூடாது. கியருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டால் பெரிய வேலையாகிவிடும்.

டிரான்ஸ்மிஷனின் சொந்த பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் சாம்பிள் வால்வு இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, வால்வுக்குள் தேங்கிய பழைய ஆயில் முழுதும் போகும்வரை, வால்வின் கொள்ளளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு, வேறு டப்பாவில் பிடித்துவிட்டு அப்புறம் பாட்டிலை நீட்டுங்கள். ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் எடுத்தால் ஃபில்டர் மிச்சம் வைத்தது மட்டும்தான் கிடைக்கும். கிளட்ச் பிரஷர் பார்க்கும் போர்ட்டைச் சாம்பிளுக்காகக் கழற்றாதீர்கள். அங்கே பத்து பாரைத் தாண்டிய அழுத்தத்தில் சூடான ஆயில் இருக்கும்.

டிரெயின் பிளக் வழி, ஆயில் மாற்றும் நாளுக்கு மட்டும். முதலில் கொட்டுவதை விட்டுவிட்டு, ஓட்டம் பாதிக்கு வரும்போது பிடிக்க வேண்டும்.

பம்ப் அடித்தாலும் ஆயில் ஏறவில்லை

ஆயில் ஆறிப்போயிருந்தால் வண்டியை மறுபடி ஓட்டிச் சூடாக்குங்கள். சூடாக இருந்தும் ஏறவில்லை என்றால் டியூபை வெளியே எடுத்து, கையுறை விரலால் நுனியை அடைத்து, இரண்டு மூன்று தடவை பம்ப் அடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் லேசாக உள்வாங்கினால் பம்ப் சரியாகத்தான் இருக்கிறது. டியூப் ஆயிலைத் தொடவில்லை, அல்லது வழியில் மடங்கியிருக்கிறது. பாட்டில் அசையவில்லை என்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது. பாட்டில் மரை கோணலாக ஏறியிருக்கும், இல்லாவிட்டால் டியூபைப் பிடிக்கிற நட்டுக்குள் இருக்கும் ஓ-ரிங் தேய்ந்திருக்கும். சோதித்த அந்த டியூபைத் திரும்ப உள்ளே விடாதீர்கள், புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.

ஆயில் பம்புக்குள்ளேயே ஏறிவிட்டது

பம்பைச் சாய்த்துப் பிடித்ததாலும், பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பியதாலும் இது நடக்கும். டியூப் நுனி பம்பின் அடிப்பகுதியைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டராவது பாட்டிலுக்குள் தொங்க வேண்டும். அப்படித் தொங்கினால் ஆயில் பம்பைத் தொடாமலே இறங்கும். ஏறிவிட்டால் அந்தச் சாம்பிளைக் கொட்டிவிட்டு, பம்பைப் பிரித்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு எடுங்கள்.

டீசல் ஊற்றிக் கழுவி, ஈரம் காயும் முன்பே அடுத்த சாம்பிள் எடுக்கிற பழக்கம் பல ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. கொஞ்சம் டீசல் கலந்தாலே விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை) இறங்கிவிடும், நல்ல ஆயில் ரிப்போர்ட்டில் கெட்டதாகத் தெரியும். ஒரே நாளில் ஒரே வண்டியில் எல்லாச் சாம்பிளும் எடுப்பதானால் ஹைட்ராலிக் முதலில், அடுத்து டிரான்ஸ்மிஷன், அப்புறம் ஆக்சில், கடைசியில்தான் இன்ஜின்.

ஆயில் நுரையாக வருகிறது

டியூப் நுனி ஆயில் மட்டத்திலேயே நின்றால் காற்றும் சேர்ந்து வரும். இன்னும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். நுரை நிறைந்த பாட்டிலைச் சாய்க்காமல் கால் மணி நேரம் வையுங்கள். அடங்கிவிட்டால் அது எடுத்த விதத்தில் வந்த நுரை. அடங்காமல் நின்றால் வண்டியைப் பாருங்கள். ஆயில் மட்டம் கூடுதலாகி கியர் அடித்துக் கடைகிறதா, மட்டம் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறதா, சக்‌ஷன் பக்க ஓ-ரிங் போய்விட்டதா, வேறு ஆயில் கலந்துவிட்டதா என்பதே வரிசை.

சிலிக்கான் எகிறியிருக்கிறது

குவாரி வண்டிகளில் அதிகம் குழப்புவது இதுதான். சிலிக்கான் மூன்று வழியில் வரும். புது ஆயிலிலேயே நுரை தடுக்கும் மருந்தாகச் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) இருக்கும். கேஸ்கெட்டுக்குத் தடவும் சிலிக்கான் பேஸ்ட்டிலிருந்து கரைந்து வரும். மூன்றாவது, தூசி. தூசியும் இரண்டு விதம்: கியர்பாக்ஸுக்குள் போன தூசி, சாம்பிள் எடுக்கும்போது பாட்டிலில் விழுந்த தூசி.

பேஸ்ட்டா தூசியா என்று பிரிக்க அலுமினியத்தைப் பாருங்கள். சிலிக்கான் மட்டும் ஏறி, அலுமினியமும் இரும்பும் பழைய அளவிலேயே இருந்தால், சமீபத்தில் கவர் கழற்றிப் பேஸ்ட் போட்டார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். போட்டிருந்தால் ஓரிரு ஆயில் மாற்றத்தில் தானே இறங்கும். தூசி என்றால் அலுமினியமும் கூடவே வரும். கிரானைட்டில் சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல், அலுமினா 14 சதவீதம் சுமார். தனிமமாகக் கணக்குப் போட்டால் சிலிக்கான் நாலரைப் பங்குக்கு அலுமினியம் ஒரு பங்கு. ரிப்போர்ட்டில் இரண்டும் கிட்டத்தட்ட அந்த விகிதத்தில் சேர்ந்து ஏறியிருந்தால் அது கல் தூள்தான். துகளின் அளவைப் பொறுத்துக் கருவி காட்டுவது மாறும், அதனால் இதைக் கைக்கணக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கல் தூள் எங்கிருந்து வந்தது? கியர்பாக்ஸுக்குள் போன தூள் சும்மா இருக்காது, உப்புத்தாள் மாதிரி உராய்ந்து இரும்பையும் கிளட்ச் பிளேட்டின் செம்பையும் கிளப்பும். சிலிக்கான், அலுமினியத்தோடு இரும்பும் ஏறியிருந்தால் பிரீதர் (கியர்பாக்ஸ் காற்று வாங்கும் துளை), டிப்ஸ்டிக் மூடியின் சீல், ஆயில் ஊற்றும் கேன், புனல் எல்லாவற்றையும் பாருங்கள். திறந்த பக்கெட்டில் ஆயில் கொண்டுவந்து ஊற்றும் இடங்களில் வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. தேய்மான உலோகம் எதுவும் ஏறாமல் தூள் மட்டும் ஏறியிருந்தால், பாட்டிலில்தான் விழுந்திருக்கும் என்று நினைக்க நியாயம் இருக்கிறது.

கிரஷர் பக்கம் நின்று ஒரு பாட்டில் மூடியை மல்லாத்தி வண்டிப் படியில் வைத்துப் பாருங்கள். டியூபை அளந்து வெட்டி முடிப்பதற்குள் மூடியின் உள்பக்க வெள்ளை லைனர்மேல் சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். அந்த மூடியைத்தான் திருகி லேபுக்கு அனுப்புகிறோம். பாட்டிலைத் துடைக்கிற பனியன் வேஸ்ட்டும் அதே காற்றில் கிடந்ததுதான். அதனால் வண்டியைக் கிரஷரிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கமாக நிறுத்துங்கள். பம்ப், டியூப், பாட்டில் எல்லாம் ஜிப் கவருக்குள் இருக்கட்டும். பாட்டிலைக் கவருக்குள் வைத்தபடியே மூடியைக் கழற்றி, கவர் பிளாஸ்டிக்கின் மேலேயே பம்பைத் திருகலாம். டியூப் கவரைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். பாட்டிலின் வாய் வெளிக்காற்றையே பார்க்காது. துகள் எண்ணிக்கைச் சோதனைக்கு அனுப்பும்போது இந்த முறை கட்டாயம். ஆயிலில் எத்தனை துகள் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 4406 குறியீட்டில் ஓர் எண் கூடினாலே துகள்கள் இரண்டு மடங்கு என்று பொருள்.

சோடியம், பொட்டாசியம் வந்திருக்கிறது

ரிப்போர்ட்டில் "கூலன்ட் கலப்பு இருக்கலாம்" என்று எழுதி வரும். பல வண்டிகளில் அது உண்மைதான். ஆனால் குவாரியில் இன்னொரு காரணமும் உண்டு. கிரானைட்டில் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் இருக்கிறது, அதில் பொட்டாசியமும் சோடியமும் உண்டு. பல்லாவரம் பக்கத்துச் சார்னோகைட் என்ற கருங்கல்லிலும் அதே ஃபெல்ஸ்பார்தான். கிரானைட்டில் இந்த இரண்டின் ஆக்சைடுகளும் தலா மூன்று நான்கு சதவீதம் இருக்கும். ஆகவே கல் தூள் மட்டும் என்றால் பொட்டாசியம் சிலிக்கானில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வரும். சிலிக்கான் 60 பிபிஎம், பொட்டாசியம் 6 என்றால் தூசியைத் தேடுங்கள். சிலிக்கான் 10, பொட்டாசியம் 40 என்றால் ஆயில் கூலரில் ஓட்டையைத் தேடுங்கள்.

உப்பளத்தில் ஓடும் வண்டிக்குக் கணக்கே வேறு. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கம் உப்பு அள்ளும் லோடரில் சோடியம் தனியாக உயரும், பொட்டாசியம் பெயருக்குத்தான் இருக்கும். உப்புக் கையோடு பாட்டிலைத் தொட்டாலே போதும், எண் ஏறிவிடும்.

கூலன்ட் என்று சந்தேகம் வந்தால் "தண்ணீர் இல்லை" என்ற வரியைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். சூடான ஆயிலில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சோடியமும் பொட்டாசியமும் தங்கிவிடும். ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் ஆயில் கூலர் வைத்த வண்டிகளில் ஓட்டை விழுந்தால் நடப்பது இது: வண்டி ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் விழுந்துவிடும், ஆனால் சூடான ரேடியேட்டரில் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் வரும். அதனால் காலையில் ரேடியேட்டர் ஆறிய பிறகு மூடியைத் திறந்து, கூலன்ட் மேல் ஆயில் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் இரண்டாவது சாம்பிளுக்குக் காத்திருக்க வேண்டாம், கூலரைக் கழற்றிப் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். காகித வகை ஃபேசிங் (உராயும் மேல்பூச்சு) உள்ள கிளட்ச் பிளேட்டுக்கு கூலன்ட்டில் இருக்கும் கிளைக்காலும் தண்ணீரும் எமன், ஒட்டியிருக்கும் பசையே விட்டுவிடும்.

ஆயில் பால் நிறமாக இருக்கிறது

கண்ணுக்கே தெரிந்தால் தண்ணீர் நிறையவே இருக்கிறது என்று அர்த்தம், லேப் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கூலரை மேலே சொன்ன மாதிரி பாருங்கள். அது சரியாக இருந்தால், பிரஷர் வாட்டர் அடித்து வண்டி கழுவியபோது பிரீதரில் தண்ணீர் போயிருக்கும்.

நிறம் தெளிவாக இருந்து ரிப்போர்ட்டில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் வந்தால், பாட்டிலைச் சந்தேகப்படலாம். கழுவி மறுபடி பயன்படுத்திய பாட்டிலா? மழை தூறும்போது எடுத்ததா? மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி அனுப்பியதா? லேப் கொடுக்கும் மூடிய பாட்டிலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். சொட்டு ஆயிலைச் சூடான தட்டில் விட்டுப் படபடக்கிறதா என்று பார்ப்பது உண்டு. அது தண்ணீர் உண்டா இல்லையா என்று மட்டும் காட்டும். எவ்வளவு என்று தெரிய லேபில் கார்ல் ஃபிஷர் முறையில் கேளுங்கள். அடுப்புத் தீயில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

இரும்பு திடீரென்று ஏறிவிட்டது

போன இரண்டு முறையும் 40, 45 என்று வந்தது இப்போது 130 என்றால், முதலில் ஹவர் மீட்டரைப் பாருங்கள். ஆயில் மாற்றி எத்தனை மணி நேரம் ஆனது? 500 மணி நேரத்தில் எடுத்ததையும் 1,400 மணி நேரத்தில் எடுத்ததையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. அடுத்து, எடுத்த இடம். போன முறை டிப்ஸ்டிக் வழியாக நடு ஆழத்தில் எடுத்து, இந்த முறை டிரெயின் பிளக்கைத் தளர்த்தி முதலில் கொட்டியதைப் பிடித்திருந்தால், பாட்டிலுக்குள் வந்தது பல மாத மண்டி. டியூப் அடியைத் தொட்டாலும் அதே கதைதான். டியூபை உருவியதும் நுனியைப் பாருங்கள், கறுப்புக் களி அப்பியிருந்தால் அந்தச் சாம்பிளை அனுப்பாதீர்கள்.

அதே இடம், அதே மணி நேரம், அதே சூடு, அப்படியும் ஏறியிருக்கிறது என்றால்தான் அது தேய்மானம். அப்போதும் ஒரு சாம்பிளை உடனே மறுபடி எடுத்து உறுதி செய்துகொண்டு கை வையுங்கள்.

இரும்பு நார்மல், ஆனால் கியர் விழுந்தும் வண்டி தயங்குகிறது

இது முந்தையதைவிட ஆபத்தானது, ஏனென்றால் பச்சை நிற ரிப்போர்ட் நம்மைத் தூங்க வைத்துவிடும். லேபின் ஸ்பெக்ட்ரோமீட்டர் சுமார் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சரியாகப் பார்க்காது. பேரிங் உரிந்து செதில் செதிலாக வந்தாலும் பிபிஎம் எண் அமைதியாகவே இருக்கலாம். லேபில் பிக்யூ இண்டெக்ஸ் கேளுங்கள், அது துகளின் அளவைப் பார்க்காமல் காந்தத்தில் ஒட்டும் இரும்பு மொத்தத்தையும் காட்டும்.

கூடவே ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் பிளேடின் இரும்புத்தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும், ஃபில்டர் கட்டர் வேண்டும். மடிப்புக் காகிதத்தை வெட்டி விரித்து, பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு எழுவது கியர், பேரிங் இரும்பு. ஒட்டாமல் பொன்னிறத்தில் மின்னுவது வெண்கல பிளேட் அல்லது புஷ். கறுப்பாக, நகத்தில் நசுங்கும் நார் மாதிரி இருந்தால் கிளட்ச் பிளேட்டின் ஃபேசிங். லேப் ரிப்போர்ட்டில் இந்த நார் எந்த எண்ணாகவும் வராது.

செம்பு மட்டும் ஏறியிருக்கிறது

புது ஆயில் கூலர் போட்ட பிறகு கூலரின் செம்பு ஆயிலில் கரைந்து சில மாதம் வரும், தானே இறங்கும். இரும்பு, ஈயம், வெள்ளீயம் எதுவும் அசையாமல் செம்பு மட்டும் ஏறினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்து வந்தால் புஷ், த்ரஸ்ட் வாஷர். வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த கிளட்ச் பிளேட் உள்ள வண்டியில் செம்பு ஒவ்வொரு சாம்பிளுக்கும் படிப்படியாக ஏறினால், கிளட்ச் வழுக்குகிறதா என்று ஸ்டால் டெஸ்டும் (பிரேக் பிடித்து, கியர் போட்டு, இன்ஜினை முழு வேகத்தில் விட்டுப் பார்ப்பது) கிளட்ச் பிரஷரும் பார்க்க வேண்டிய நேரம்.

விஸ்காசிட்டி பொருந்தவில்லை

எஸ்ஏஇ 30 ஆயில் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 14 வந்தால் ஆயில் கெட்டிப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். யாராவது 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை நிறைய ஊற்றியிருப்பார்கள், அல்லது படிவத்தில் கிரேடைத் தப்பாக எழுதியிருப்பார்கள். ஆயில் கெட்டிருந்தால் ஆக்சிடேஷன் எண்ணும் ஆசிட் எண்ணும் கூடவே ஏறியிருக்கும், கருகிய வாடையும் அடிக்கும். கால்சியம், துத்தநாகம் இருப்பதை வைத்து மட்டும் இன்ஜின் ஆயில் என்று சொல்லிவிடவும் முடியாது, டிஓ-4 (கேட்டர்பில்லர் வகுத்த தரம்) வகை டிரான்ஸ்மிஷன் ஆயிலிலேயே அவை உண்டு. சீல் உடைக்காத புது பேரலிலிருந்து ஒரு பாட்டில் அனுப்பி அடிப்படை ரிப்போர்ட் வாங்கி வைத்திருந்தால் இந்தச் சண்டையே வராது.

லேப் திருப்பிக் கேட்கிறது

பாட்டிலின்மேல் வெறும் "லோடர்" என்று எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள்? வண்டி மாடல், சீரியல் எண், எந்தப் பாகத்து ஆயில், ஹவர் மீட்டர், ஆயில் மாற்றி ஓடிய மணி நேரம், பிராண்டும் கிரேடும், இடையில் ஊற்றிய லிட்டர், எடுத்த இடம், இவ்வளவும் வேண்டும். ஆயில் பட்டால் அழியாத பேனாவில், ஆயிலைத் தொடுவதற்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். அன்றே கூரியர் போட்டுவிடுங்கள். டூல் பாக்ஸில் ஒரு மாதம் கிடந்த பாட்டிலின் ரிப்போர்ட் போன மாத வண்டியைப் பற்றியது.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

டிப்ஸ்டிக்கில் கருகிய வாடை, டிரெயின் பிளக் காந்தத்தில் விரலில் குத்தும் அளவுக்குச் செதில், முன்னே, பின்னே இரண்டு பக்கக் கியரிலும் வழுக்கல், டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறுவது: இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள். முதலில் ஒரு சாம்பிள் எடுத்து ஓரமாக வையுங்கள். அப்புறம் ஆயிலை மூடியுள்ள சுத்தமான கேனில் வடித்து, கழற்றிய ஃபில்டரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, இரண்டின்மேலும் தேதியும் ஹவர் மீட்டர் எண்ணும் எழுதி வையுங்கள். கியர்பாக்ஸைப் பிரிப்பவர் வந்து பார்க்கும்வரை அவற்றை யாரும் கொட்டிவிடக் கூடாது.